அத்தியாயம் 7: இருப்பது கிடைக்க வேண்டும் (கட்டளைவரி அஞ்சல் தேடுகருவியைப் பராமரித்தலும் மேம்படுத்தலும்)

அச்சுப்பொறி பழுதானால் தாள் சிக்கிக்கொள்ளும். இணையம் அறுந்தால் திரையிலேயே தெரிந்துவிடும். அஞ்சல் தேடுகருவி பழுதானால் மட்டும் எதுவும் தெரியாது. ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று ஒரு பதில் வரும். மடல் உண்மையிலேயே இல்லாதபோது வருகிற அதே பதில். நாமும் நம்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். இந்த அத்தியாயம் சொல்லும் எல்லாப் பராமரிப்பு முறைகளுக்கும் அடிப்படை இதுதான்: தேடலின் பிழை தானாக வெளியே வராது, சோதனை வைத்து நாம்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

திட்டக்குடியில் இருந்துகொண்டு, விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்கு ஆர்டர் பிடித்துத் தருகிற ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை, அகல் விளக்கு என்று பத்து ஆண்டு விலைப்புள்ளிகளும் பர்ச்சேஸ் ஆர்டர்களும் மின்னஞ்சலில்தான் இருக்கின்றன. ‘போன முறை இந்த விலைக்குத்தானே கொடுத்தீர்கள்’ என்று வாங்குபவர் கேட்கும்போது அந்த மடலை அப்போதே எடுத்துக் காட்ட வேண்டும். கரண்ட் போயிருக்கலாம், நெட் இழுவையாக இருக்கலாம். மடல்களைச் சொந்தக் கணினியில் இறக்கி, அங்கேயே தேடுவதுதான் நம்பகமான வழி.

இந்த அத்தியாயத்தில் கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது அவற்றின் ஆங்கில வடிவத்தையே அடிக்க வேண்டும்.

7.1 கருவிக்குள் என்ன நடக்கிறது

கட்டளைவரியில் அஞ்சல் தேடப் பரவலாகப் பயன்படுபவை இரண்டு. ஒன்று, கார்ல் வொர்த் தொடங்கி 2009இல் வெளியிட்ட நாட்மச். மற்றொன்று, டிர்க்-யான் பின்னெமா உருவாக்கிய மு. இரண்டும் மடல்களைப் பிரித்துப் படிக்க ஜிமைம் என்ற நிரலகத்தையும், சொற்களைத் தொகுத்துத் தேட ஸாபியன் என்ற தேடுபொறியையும் நம்பியிருக்கின்றன. ஆகவே ஒன்றில் கற்றது மற்றொன்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். இங்கே நாட்மச்சை முன்வைத்துப் பேசுகிறேன்.

மடல்கள் மெயில்டிர் முறையில், ஒரு மடலுக்கு ஒரு கோப்பாக வட்டில் இருக்கும். கியூமெயிலுக்காக டேனியல் பெர்ன்ஸ்டைன் வகுத்த முறை இது. டெம்ப், நியூ, கர் என மூன்று கோப்புறைகள். மடல் முதலில் டெம்ப் கோப்புறையில் முழுதாக எழுதப்பட்ட பிறகே நியூவுக்கு நகர்கிறது. எழுதும் நடுவில் கரண்ட் போனாலும் பாதி எழுதிய கோப்பு டெம்ப்பிலேயே நின்றுவிடும். மற்ற மடல்களுக்குச் சேதமில்லை. மின்வெட்டு உள்ள ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

கோப்புகளுக்குள் நேரடியாகத் தேடினால் போதாதா, ஸாபியன் தொகுக்கும் இண்டெக்ஸ் எதற்கு என்று கேட்கலாம். ஆங்கில மடலுக்கு ஓரளவு போதும், தமிழ் மடலுக்குப் போதாது. தமிழ் உள்ள மடல் பெரும்பாலும் பேஸ்64 வடிவில்தான் வட்டில் கிடக்கிறது. அதற்குள் ‘விலைப்புள்ளி’ என்ற சொல் அப்படியே இருக்காது. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த வரிகள்தான் இருக்கும். கோப்புக்குள் நேரடியாகத் தேடும் கிரெப் கட்டளை எதையும் காணாது. அவிழ்த்துப் படிக்கத் தெரிந்த கருவியால்தான் தமிழைத் தேட முடியும்.

7.2 எது அசல், எது நகல்

மடல் கோப்புகள் அசல். இண்டெக்ஸ் என்பது அவற்றிலிருந்து எப்போது வேண்டுமானாலும் திரும்ப உண்டாக்கக்கூடியது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தெரியாதவர்கள்தான் இழக்கிறார்கள். ‘பாக்கி’, ‘ஜிஎஸ்டி’, ‘புகார்’ என்று நீங்கள் இட்ட குறிச்சொற்கள் மடலுக்குள் எழுதப்படுவதில்லை. இண்டெக்ஸுக்குள் மட்டுமே வாழ்கின்றன. படித்தது, பதில் எழுதியது போன்ற சில நிலைகளை மட்டும் நாட்மச் கோப்புப் பெயரின் வாலில் எழுதி வைக்கும், அதுவும் அதற்கான அமைப்பு இயக்கத்தில் இருந்தால்தான். இண்டெக்ஸை அழித்து மறுபடி கட்டினால் மடல்கள் அத்தனையும் வரும், உங்கள் குறிச்சொற்கள் வராது.

ஆகவே காப்புப் பிரதி இரண்டு வகை:

1. மெயில்டிர் கோப்புறை முழுவதும், தனி வட்டில்.
2. ‘நாட்மச் டம்ப்’ தருகிற உரைக்கோப்பு. இது சிறியது. வரிசைப்படுத்தி கிட் களஞ்சியத்தில் போட்டு வைத்தால் எந்த நாளில் எந்தக் குறிச்சொல் மாறியது என்பதும் தெரியும்.

இண்டெக்ஸைக் காப்புப் பிரதி எடுப்பது கட்டாயமில்லை. எடுத்தால், எழுதும் வேலை நடக்காத நேரத்தில் எடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். வேறொரு கோப்புறையில் மடல் நகலை வைத்து, புதிதாக இண்டெக்ஸ் கட்டி, ‘நாட்மச் ரெஸ்டோர்’ மூலம் குறிச்சொற்களை ஏற்றி, ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் மடல் எண்ணிக்கை அசலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திரும்ப ஏற்றிப் பார்க்காத காப்புப் பிரதியைக் காப்பு என்று எண்ண வேண்டாம்.

7.3 வழக்கமான பராமரிப்பு

*ஒவ்வொரு முறை மடல் இறக்கிய பின்:* ‘நாட்மச் நியூ’ ஓடட்டும். குறிச்சொல் விதிகளை, அது முடிந்ததும் தானாக ஓடும் போஸ்ட்-நியூ கொக்கியில் எழுதுங்கள். ஒரே விதி இருமுறை ஓடினாலும் முடிவு மாறாதபடி எழுதுவது முக்கியம். நடுவில் கரண்ட் போனால் கவலை வேண்டாம். ஸாபியன் உறுதிசெய்து எழுதி முடித்தவை நிலைக்கும், மற்றவை அடுத்த ஓட்டத்தில் சேரும்.

*வாரம் ஒருமுறை:* எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மெயில்டிரில் உள்ள கோப்புகளின் எண்ணிக்கை ஒருபுறம், ‘நாட்மச் கவுண்ட்’ கோப்புக் கணக்காகத் தருகிற எண் மறுபுறம். ஒப்பிடும்போது விலக்குக் குறிச்சொற்களை அணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் ‘டெலீட்டட்’, ‘ஸ்பாம்’ குறிச்சொல் உள்ளவை கணக்கில் வராமல் குழப்பும். மடலல்லாத கோப்புகளால் சிறு வித்தியாசம் வரலாம். அந்த வித்தியாசம் ஏன் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத வித்தியாசம் பழுதின் அறிகுறி.

*மாதம் ஒருமுறை:* ‘நாட்மச் டம்ப்’ எடுத்து வெளியே சேமியுங்கள். பல ஆயிரம் மடல்களை நீக்கியிருந்தால் ‘நாட்மச் கம்பாக்ட்’ ஓட்டி இண்டெக்ஸைச் சுருக்கலாம். சுருக்குமுன் பழையதை ஒதுக்கி வைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது, பயன்படுத்துங்கள். வட்டில் சந்தேகம் வந்தால் ஸாபியனோடு வரும் ‘ஸாபியன்-செக்’ இண்டெக்ஸின் கட்டமைப்பைச் சோதித்துச் சொல்லும்.

*பதிப்பு மாற்றும்போது:* முதலில் டம்ப், பிறகு மேம்படுத்தல், பிறகு 7.4இல் உள்ள தமிழ்ச் சோதனைகள். இந்த வரிசை மாற வேண்டாம்.

நீங்களே இந்தக் கருவிமீது நிரல் எழுதுபவரானால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஸாபியன் இண்டெக்ஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். படிப்பவர்கள் எத்தனை பேரும் இருக்கலாம். ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதுபவர் அடுத்தடுத்து உறுதிசெய்தால், படிப்பவருக்கு ‘தரவுத்தளம் மாறிவிட்டது’ என்ற பிழை வரும். அது பழுதல்ல. தரவுத்தளத்தை மறுபடி திறந்து தேடலைத் தொடருமாறு எழுதினால் போதும்.

7.4 தமிழுக்கான சோதனைகள்

பீங்கான் சாமானைச் சூளையிலிருந்து எடுத்ததும் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஓசையில் தெரியும். தேடுகருவிக்கும் அப்படித் தட்டிப் பார்க்கும் இடங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மடலை நீங்களே தயாரித்து, தனி இண்டெக்ஸில் ஏற்றி, தேடிப் பாருங்கள்.

சோதனை 1: நீளமான சொல். ஸாபியனின் சொல்பிரிப்பி 64 பைட்டுக்கு மேல் நீளும் சொல்லை இயல்பாக இண்டெக்ஸில் சேர்க்காது. குப்பைத் தரவு உள்ளே வந்து இண்டெக்ஸ் வீங்கக் கூடாது என்பதற்காக வைத்த வரம்பு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் 64 தாராளம். யூடிஎஃப்-8 வடிவத்தில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள். ஆக, ஒரு தமிழ்ச் சொல் 21 குறியீடுகளுக்குள் அடங்க வேண்டும்.

‘திட்டக்குடியிலிருந்து’ என்ற சொல்லில் 21 குறியீடுகள், 63 பைட். வரம்புக்குள் வருகிறது; தேடினால் கிடைக்கும். ‘விருத்தாசலத்திலிருந்து’ என்ற சொல்லில் 22 குறியீடுகள், 66 பைட். சேராது, தேடினால் கிடைக்காது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே வேற்றுமை உருபு, ஒன்று கிடைக்கும் மற்றொன்று கிடைக்காது. எந்த எச்சரிக்கையும் வராது. இந்த இரண்டு சொற்களையும் ஒரே மடலில் எழுதிச் சோதித்துப் பாருங்கள். உங்கள் கருவி அந்த வரம்பைத் தளர்த்தியிருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

சோதனை 2: ஒரே தோற்றம், இரண்டு குறியீடு. ‘பொம்மை’ என்ற சொல்லின் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமமே. ஆனால் பைட்டுகளை மட்டும் ஒப்பிடுகிற இண்டெக்ஸுக்கு அவை வெவ்வேறு சொற்கள். இரு வடிவிலும் ஒவ்வொரு மடல் வைத்து, ஒரு வடிவில் தேடினால் இரண்டும் வருகின்றனவா என்று பாருங்கள்.

‘கௌரவம்’ போன்ற சொற்களில் மற்றொரு சிக்கல். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகர எழுத்தும் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். யூனிகோடு விதிப்படி சமமல்ல. சமமான வடிவங்களை ஒன்றாக்கும் இயல்பாக்கம் இதைத் தீர்க்காது, தனி விதிதான் எழுத வேண்டும்.

சோதனை 3: ஸ்ரீ. விருத்தாசலத்திலிருந்து ஒரு பேருந்தில் எட்டிவிடும் ஊர் ஸ்ரீமுஷ்ணம். அதன் முதல் எழுத்து ஸகரத்தில் தொடங்கியும் சேமிக்கப்பட்டிருக்கலாம். 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் சேமிக்கப்பட்டிருக்கலாம். திரையில் வித்தியாசமே இல்லை. ஸ்ரீ என்று தொடங்கும் கடைப் பெயர்கள், ஆள் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இந்தச் சோதனையின் தேவை புரியும்.

சோதனை 4: உருபு ஏறிய சொல். நாட்மச் ஆங்கில அடிச்சொல் விதிகளைக் கொண்டுதான் சொற்களைக் குறுக்குகிறது. தமிழுக்கு அது உதவாது. கைவசம் உள்ள தீர்வு, சொல்லின் தொடக்கத்தை மட்டும் கொடுத்து இறுதியில் நட்சத்திரக் குறி இடுவது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘கடலூர்’ என்று புள்ளியோடு எழுதி நட்சத்திரம் இட்டால் ‘கடலூருக்கு’ வராது, ஏனென்றால் அங்கே புள்ளியின் இடத்தில் உகரக் குறி வந்துவிட்டது. புள்ளியை எடுத்துவிட்டு ‘கடலூர’ என்பதோடு நட்சத்திரம் இடுங்கள். கடலூர், கடலூரில், கடலூருக்கு மூன்றும் வரும். அதுபோல ‘விருத்தாசலம்’ என்று முழுதாக எழுதாமல் ‘விருத்தாசல’ என்று நிறுத்துங்கள்.

சோதனை 5: மடல் தலைப்பு. தமிழ்த் தலைப்பு, 1996இல் வந்த ஆர்எஃப்சி 2047 விதிப்படி துண்டு துண்டாகக் குறியேற்றப்படுகிறது. ஒரு துண்டு 75 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. பேஸ்64 கணக்குப்படி அதில் 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். ஆகவே சற்றே நீண்ட தமிழ்த் தலைப்பும் ஒரு சொல்லின் நடுவில் உடையும். சரியான கருவி துண்டுகளை இடைவெளியின்றி ஒட்டிவிடும். ஒரு குறியீட்டின் 3 பைட்டையே நடுவில் உடைத்து அனுப்புகிற மோசமான அனுப்புநிரல்களும் உண்டு. இரண்டு வகைக்கும் மாதிரி மடல் வைத்துத் தேடிப் பாருங்கள்.

7.5 திருத்தம் செய்யும் முறை

முதலில் தோற்கிற சோதனை, பிறகு திருத்தம். நாட்மச்சின் மூலநிரலில் சோதனைக்கென்றே ஒரு கோப்புறை இருக்கிறது. ஒவ்வொரு சோதனையும் ஷெல் நிரல். மாதிரி மடலை உருவாக்கித் தரும் உதவிச் செயலி அதிலேயே உண்டு. இன்னும் தீராத பழுதை ‘தெரிந்த பழுது’ என்று குறித்து வைக்கும் வசதியும் உண்டு. திருத்தம் எழுத நேரமில்லாதவர்கூடத் தோற்கிற சோதனையை எழுதி வைக்கலாம். அதுவே பாதி வேலை.

*நீள வரம்பு:* ஸாபியன் சொல்பிரிப்பியில் அதிகபட்சச் சொல் நீளத்தை மாற்றும் அழைப்பு உண்டு, 1.4 வரிசைப் பதிப்புகளில் அது கிடைக்கும். சொல்பிரிப்பி உருவாக்கப்படும் இடத்தில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. இண்டெக்ஸில் ஒரு சொல்லுக்குச் சுமார் 240 பைட் என்ற மேல்வரம்பு தனியாக இருப்பதால் அதை நெருங்காதீர்கள். 150 பைட் அளவில் வைத்தால் 50 தமிழ்க் குறியீடுகள் அடங்கும். அன்றாட மடலுக்கு அது போதும்.

*இயல்பாக்கம்:* மடலை இண்டெக்ஸில் ஏற்றும் வாசலிலும், தேடல் சொல்லை வாங்கும் வாசலிலும் ஒரே செயலியைப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் இருந்ததையும் கெடுத்துவிடும். புதிய நிரலகம் எதுவும் தேவையில்லை. ஜிமைம் நம்பியிருக்கிற ஜிலிப்பிலேயே யூனிகோடு இயல்பாக்கச் செயலி இருக்கிறது. என்எஃப்சி வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்ரீ விதியையும் ஔகார விதியையும் அதற்கு அடுத்த படியாகச் சேர்க்கலாம். ளகரத்தை மாற்றும் விதியில் கவனம் வேண்டும். ‘பெளர்ணமி’ என்பதைத் திருத்தப்போய் ‘கெளுத்தி’யைக் கெடுத்துவிடக் கூடாது. ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடவே வேண்டாம். குறி இல்லாமல் வருகிற இடங்களிலும் சொற்பட்டியல் வைத்து மாற்றுவதே பாதுகாப்பு.

*அடிச்சொல்:* ஸ்னோபால் திட்டத்தில் தமிழுக்கான அடிச்சொல் விதிகள் இருக்கின்றன. கருவியில் மொழியை அமைப்புக் கோப்பிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி மாற்றுவது நல்ல மேம்பாடு.

*எழுத்துக்கூட்டல்:* விருத்தாசலம், விருத்தாச்சலம், விருதாச்சலம் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்தில் இன்னும் பல. நிரல் எழுதாமலேயே இதைத் தீர்க்கலாம். நாட்மச்சில் ஒரு தேடலுக்குப் பெயர் சூட்டி அமைப்பில் சேமிக்க முடியும். எல்லா வடிவங்களையும் ‘அல்லது’ என்று இணைத்து ஒரு பெயரில் வைத்துவிட்டால், பிறகு பெயரை மட்டும் அழைத்தால் போதும்.

*இணைப்புகள்:* நாட்மச் இணைப்புக் கோப்பின் பெயரை இண்டெக்ஸில் சேர்க்கும். பிடிஎஃப்புக்குள் உள்ள உரையைச் சேர்க்காது. ஆகவே விலைப்புள்ளி அனுப்பும்போதே கோப்பின் பெயரில் வாடிக்கையாளர், சரக்கு, தேதி மூன்றும் இருக்கட்டும். நிரல் மாற்றத்தைவிட இந்தப் பழக்கம் சீக்கிரம் பலன் தரும்.

எந்தத் திருத்தம் செய்தாலும் பழைய மடல்களுக்கு அது தானாகப் பொருந்தாது. ‘நாட்மச் ரீஇண்டெக்ஸ்’ கட்டளையை எல்லா மடல்களுக்கும் ஒருமுறை ஓட்டுங்கள். குறிச்சொற்கள் அப்படியே இருக்கும். இருந்தாலும் முதலில் டம்ப் எடுத்துவிடுங்கள்.

7.6 திஸ்கி காலத்து மடல்கள்

1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழில் மடல் எழுதியவர்கள் பலர் திஸ்கி குறியேற்றத்தில் எழுதினார்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை அந்த வடிவில்தான் வெளியிட்டுவந்தது. தமிழ்நாடு அரசு 2010இல்தான் யூனிகோடையும் டேஸ்-16ஐயும் நியமமாக அறிவித்தது. உங்கள் பழைய மடல் கிடங்கில் திஸ்கி இருந்தால் யூனிகோடில் தட்டித் தேடினால் ஒன்றும் வராது.

திஸ்கியில் கொம்பு, திரையில் தெரிகிற வரிசைப்படி மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படுகிறது. ஆகவே பைட்டுக்குப் பைட் மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். லினக்ஸின் ஜிலிப்சியோடு வரும் ஐகான்வ் திஸ்கியை முறையாக யூடிஎஃப்-8க்கு மாற்றித் தரும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: அந்த மடல்களின் தலைப்பகுதியில் திஸ்கி என்று எழுதியிருக்காது, வேறு குறியேற்றத்தின் பெயர் இருக்கும்.

அசல் கோப்பைத் திருத்தாதீர்கள். மாற்றிய உரையோடு ஒரு நகலை, அதே மடல் அடையாள எண்ணை வைத்து, தனிக் கோப்புறையில் உருவாக்குங்கள். ஒரே அடையாள எண் உள்ள கோப்புகளை நாட்மச் ஒரே மடலாகக் கருதும். 2018இல் வந்த 0.26 பதிப்பிலிருந்து அத்தனை கோப்புகளின் உரையையும் இண்டெக்ஸில் சேர்க்கும். யூனிகோடில் தேடினால் மடல் கிடைக்கும், அசலும் அசலாகவே இருக்கும்.

7.7 திருத்தத்தை மூலத் திட்டத்துக்கு அனுப்புங்கள்

உங்கள் கணினியில் மட்டும் ஒட்டுப்போட்டு வைத்திருந்தால் அடுத்த பதிப்பு வரும்போது அந்த ஒட்டு கிழியும். மூலத் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் பராமரிப்புச் சுமை உங்களுடையது மட்டுமல்ல. ஒரு திருத்தம் ஒரு காரியத்தை மட்டும் செய்யட்டும். கூடவே சோதனை இருக்கட்டும். விளக்கக் குறிப்பில் ‘தமிழ் வேலை செய்யவில்லை’ என்று பொதுவாக எழுதாமல், எந்தச் சொல், எத்தனை பைட், எந்த வரம்பு என்று எழுதுங்கள். தமிழ் தெரியாத பராமரிப்பாளரும் அதைப் படித்து ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும். 66 பைட் சொல் 64 பைட் வரம்பில் தடுக்கப்படுகிறது என்றால் யாருக்கும் புரியும்.

இந்த வரம்புகள் தமிழை ஒதுக்குவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. தமிழில் சோதித்துப் பார்த்தவர் அப்போது அங்கே இல்லை. அந்தச் சோதனைக்காக மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுபவர்களும் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய எழுத்துகளுக்கும் 3 பைட்தான், அவர்களுடைய சொற்களும் நீளமானவைதான். திட்டக்குடியிலிருந்து நீங்கள் அனுப்பும் ஒரு வரித் திருத்தம் அவர்கள் எல்லாருடைய தேடலையும் சீராக்கும்.